அறுத்த மரத்துக்கு ஒரு நாள் கெடு: கோலா கெட்டிலில் ஒரு பலகை ஆலையை நிமிர்த்தப் பார்த்த கதை

லோரியின் பின்தட்டை இறக்கியதுமே தெரிந்துவிட்டது. புதிதாக வெட்டிய கித்தா (ரப்பர்) மரத்தின் முகம் பாலாடை நிறத்தில் இருக்கும். அன்று வந்த கட்டைகள் மை கொட்டிய வேட்டி மாதிரி நீலம் பாய்ந்து கிடந்தன. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங் பக்கத்து மலைச் சரிவில் வெட்டியவை. மழையில் மண்பாதை சறுக்கி, லோரி ஏற முடியாமல் நான்கு நாள் அங்கேயே கிடந்திருக்கின்றன. ஆலை முதலாளி தவுக்கே ஒரு கட்டையைக் காலால் உருட்டிப் பார்த்தார். "பாய்லருக்குப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மேசையாகவோ நாற்காலியாகவோ ஆகியிருக்க வேண்டிய ஒரு லோடு மரம் அடுப்புக்குப் போனது.

அந்த ஆலையில் பலகை தரம் பிரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். அவர்கள் கீறின மரத்தையெல்லாம் நான் அறுத்துத் தள்ளினேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தவுக்கேக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மூடுவதா, யாராவது எடுத்து நடத்துவதா என்ற பேச்சு வந்தபோது, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் கூடினோம். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஐயா, இரண்டு ஹெக்டேர் கித்தா வைத்திருக்கும் ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), வெட்டுமரக் குத்தகைக்காரர் ஒருவர், பினாங்கில் மரத் தொழில்நுட்பம் படித்த என் அண்ணன் மகள், அப்புறம் ஆலையில் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேர். புதிதாக வந்திருக்கும் மரத் தொழில்நுட்பங்களில் எது இந்த ஊருக்கு ஆகும் என்று பார்ப்பதுதான் வேலை. அந்த ஆய்வைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊர் எப்படி இங்கே வந்து நிற்கிறது

கித்தா மரத்தை மரமாகவே யாரும் மதிக்காத காலம் இருந்தது. 1877இல் கோலா கங்சாரில் ஒன்பது நாற்று நட்டதிலிருந்து கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட நூறு வருஷம் அது பாலுக்கு மட்டும்தான். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் வெறும் விறகு. ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் போனது. மிச்சத்தைத் தோட்டத்திலேயே குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் புகையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், நாள் கணக்கில் அடங்காது.

காட்டு மரம் குறைந்து, 1985இல் தீபகற்பத்திலிருந்து உருட்டு மர ஏற்றுமதி முழுக்கத் தடைபட்ட காலத்தில்தான் இந்த மரத்துக்கு மவுசு வந்தது. பூச்சி அரிக்காமல் மருந்தேற்றுவது எப்படி, கோணாமல் காயவைப்பது எப்படி என்று கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் வேலை நடந்தது. மூவாரில் நாற்காலி, மேசைப் பட்டறைகள் பெருகின. மலேசியா வெளிநாட்டுக்கு விற்கும் மரச் சாமான்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கித்தா மரத்தில் செய்தவை என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது.

ஆனால் மரத்துக்கு விலை வந்த அதே காலத்தில்தான் தோட்டங்கள் கித்தாவைக் கைவிட்டன. ஒரு காலத்தில் நாட்டில் 2 மில்லியன் ஹெக்டேர் அளவுக்கு இருந்த கித்தா, இப்போது 1.1 மில்லியன் பக்கம் வந்து நிற்கிறது. செம்பனை 5.5 மில்லியன் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. மிச்சமிருக்கும் கித்தாவில் 90 சதவீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. 2011 தொடக்கத்தில் பால் விலை உச்சிக்குப் போனது, அப்புறம் சரிந்தது சரிந்ததுதான். 2017 வாக்கில் பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற பூஞ்சை இலையுதிர்வு நோயாக வந்து சேர்ந்தது. லயத்து வீடுகளிலிருந்து சுங்கை பட்டாணிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்டு பார்க்கிறார்கள். ஆலையில் நேப்பாளத் தம்பிகளும் வங்காளதேசத் தம்பிகளும்தான்.

முதலில் மரத்தின் பின்னால் போனோம்

அண்ணன் மகள் மடிக்கணினியில் பல நாட்டு இயந்திரங்களின் படங்களோடுதான் வந்தாள். கிராணி ஐயா அதைப் பார்க்கவில்லை. பழைய செக்ரோல் (ஆள் கணக்கு) பேரேடு ஒன்றை விரித்து, "மரம் வெட்டுன நேரம் என்ன, வாள்ல ஏறுன நேரம் என்ன, முதல்ல அதை எழுதும்மா" என்றார். அவர் தோட்டத்தில் இருந்தபோது பால் வாளி எத்தனை மணிக்குக் கொட்டாய்க்கு வந்தது என்று எழுதிப் பழகியவர். பால் உறைந்தால் காசு போச்சு. மரமும் அப்படித்தான்.

கித்தா மரத்தின் உடம்பு முழுக்க மாவுச்சத்து. வெட்டிப் போட்ட மரத்தில் அந்த மாவைத் தேடி முதலில் வருவது நீலப் பூஞ்சை, அதன் பின்னால் துளைவண்டு. நம்மூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஒரு நாளுக்குள் அறுத்து மருந்தேற்றிவிடுவதுதான் நல்லது. இரண்டு மூன்று நாள் தாண்டினால் கறை உள்ளே இறங்கிவிடும். வலுவுக்குப் பெரிய குறை இல்லை, ஆனால் வெள்ளை மரம் கேட்டு வருகிறவன் நீலப் பலகையைத் தொடமாட்டான். அறுத்த பலகையை இரும்புத் தொட்டிக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தில் செலுத்துகிறோம். அப்புறம் உலர் சூளை. ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். ஈரப்பதம் பத்து சதவீதம் வாக்கில் இறங்க வேண்டும். போரான் தண்ணீரில் கரையும் மருந்து, அதனால் இந்தப் பலகை வீட்டுக்குள் வைக்கத்தான் ஆகும், வெளியே மழையில் போட ஆகாது.

இன்னொன்றும் கவனித்தோம். 100 பங்கு கட்டையில் பலகையாக வெளியே வருவது 30, மிஞ்சிப்போனால் 40. மரம் குட்டை, மேலே போகப்போக மெலிவு, கீழ்ப்பக்கத்தில் பால் வெட்டின தழும்பு. மிச்சம் 60, 70 பங்கு தோல் பலகையாகவும் துண்டாகவும் தூளாகவும் போகிறது. படித்தவர்கள் எழுதும் அறிக்கைகளில் இதற்குக் 'கழிவு' என்று பெயர். ஆலைக்குள் நின்றவனுக்குத் தெரியும், அது கழிவு இல்லை. பாய்லர் அதைத்தான் தின்கிறது, அந்தச் சூட்டில்தான் சூளை ஓடுகிறது.

பேரேட்டில் எழுதிய ஒரு மாதக் கணக்கைப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு நாளுக்குள் ஆலைக்கு வந்த லோடு கொஞ்சம்தான். தோட்டம் பெரியதாக இருந்த காலத்தில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வெட்டு நடக்கும், லோரி வரிசையாக வரும். இப்போது இங்கே ஓர் ஏக்கர், அங்கே இரண்டு ஏக்கர். குத்தகைக்காரர் லோரி நிறையும்வரை காத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அரை லோடுக்கு மலையேறி இறங்கினால் அவருக்கு டீசல் காசு கூடத் தேறாது.

புதிய சாமான்கள்

மரத்தூளை அழுத்தி எரிகட்டியாக்கும் பெல்லட் பேச்சுதான் முதலில் வந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் 2012க்குப் பிறகு மின் நிலையங்களில் மரத்தை எரிக்க ஊக்கம் கொடுத்ததால், நம் பக்கத்து மரத்தூளுக்கும் செம்பனைக் கொட்டை ஓட்டுக்கும் கிராக்கி வந்தது உண்மை. கணக்குப் போட்டோம். பச்சைத் தூளில் எடையில் 40 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால், பத்து சதவீத ஈரத்தில் ஒரு டன் பெல்லட் பண்ண ஒன்றரை டன் தூள் வேண்டும். அரை டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். எதை எரித்து? அதே தூளைத்தான். உலர்ந்த சீவலைச் சேர்க்கலாமே என்றால், அதில் மருந்து ஏறியிருக்கிறது. மருந்தேறிய மரத்தை நல்ல தர பெல்லட்டில் கலக்கக்கூடாது. மெல்லிய கிளைகளை விலைக்கு வாங்கலாம் என்றால், மரநாரை அழுத்திப் பலகையாக்கும் எம்.டி.எஃப். ஆலைகள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கின்றன. பாய்லரின் சாப்பாட்டைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, சூளைக்கு நாளைக்கு டீசல் வாங்கும் கதை இது. விட்டுவிட்டோம்.

அடுத்தது குறுக்கடுக்குப் பலகை, சி.எல்.டி. என்பார்கள். பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று மூன்று, ஐந்து, ஏழு அடுக்காக ஒட்டிச் சுவராகவும் தளமாகவும் நிறுத்துவது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 1990களில் உருவானது. அடுக்குப் பலகையும் ஒட்டு உத்தரமும் வைத்து நார்வேயில் 2019இல் 85 மீட்டருக்கு 18 மாடி கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டியதும் மண்டபத்தில் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தோம். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் எடுப்பது நீண்டு நிமிர்ந்த, இலேசான ஊசியிலை மரம். எங்கள் கட்டை ஆறடி, அதைவிடக் கனம். அழுத்து இயந்திரத்தின் விலை ஒரு பக்கம். செங்கல் வீடு கட்டினால்தான் வீடு என்று நினைக்கும் ஊரில், கரையானுக்குப் பிடித்த மரத்தில் சுவர் எழுப்பினால் வாங்க ஆள் வேண்டுமே. கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது.

சுட்ட மரத்தில்தான் நான் ஏமாந்தேன். ஆக்சிஜன் குறைவான நீராவியில் 160 முதல் 230 பாகை செல்சியஸ் வரை மரத்தைச் சூடாக்கும் முறை. 1990களில் பின்லாந்தில் தேர்ந்தது. மருந்தே வேண்டாம். ஈரம் குடிப்பது குறையும், பூஞ்சைக்குத் தாங்கும். வெள்ளைக் கித்தா தேக்கு மாதிரி பழுப்பாக வரும். அந்த நிறத்தைப் பார்த்ததும் "இதுதான்" என்று மேசையைத் தட்டினவன் நான்தான். வெளியூரில் ஒரு பட்டறையில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்கினோம். தடித்த பலகையையும் மெல்லியதையும் ஒன்றாக அடுக்கி அனுப்பியது என் தப்பு. மெல்லியவை கருகி, ஆணி அடித்தால் பிளந்தன. சூடேற ஏற மரம் வலுவிழந்து நொறுங்கும் தன்மைக்கு வரும் என்று அண்ணன் மகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லதாக வந்த துண்டுகளில் ஒன்றை வீட்டுக்குப் பின்னால் வாழைக்கு அருகில் மண்ணில் புதைத்தேன், பக்கத்தில் சுடாத துண்டு ஒன்று. சில மாதம் கழித்துத் தோண்டினால் கரையானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"சித்தப்பா, இது பூஞ்சைக்குத்தான் தாங்கும், கரையானுக்கு இல்லேன்னு எழுதியே இருக்கே" என்றாள்.

எழுதித்தான் இருக்கிறது. என் வாழைத் தோட்டத்தில் பார்த்தபிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது. காய்கறி வெட்டும் பலகை, கதவின் உள்பலகை என்று சின்ன அளவில் செய்யலாம் என்று பேரேட்டில் ஒரு மூலையில் குறித்து வைத்தோம்.

செம்பனைத் தண்டுக்கு வருவோம். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் செம்பனை. இருபத்தைந்து வருஷத்தில் சாய்க்கிறார்கள், ஹெக்டேருக்கு 140 தண்டு வாக்கில் கிடக்கிறது. கொளுத்தவும் கூடாது. அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், கானோடெர்மா பூஞ்சை அடுத்த நடவைப் பிடிக்கும். ஆகவே சும்மா கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆனால் செம்பனை தென்னை, பனை சாதி, கித்தா மாதிரி மரம் இல்லை. வெளிப்பக்கம் ஓரளவு கெட்டி, நடுப்பகுதி பஞ்சு. அந்தப் பஞ்சில் மரத்தைவிடத் தண்ணீர் பல மடங்கு. உள்ளே சிலிக்கா இருப்பதால் வாளின் பல் சீக்கிரம் மழுங்கும். எரிக்கலாம் என்றால் பொட்டாசியமும் குளோரினும் பாய்லரைக் கெடுக்கும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஜிர்காஸ் ஆய்வு நிலையமும் அந்தத் தண்டைப் பிழிந்து வரும் சாற்றிலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்தப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கின்றன. வெளிப்பகுதியை உரித்து ஒட்டுப்பலகை செய்கிறவர்களும் உண்டு. நாளைக்கு இதில் பெரிய தொழில் வரலாம். இரண்டு வாளும் ஒரு பழைய பாய்லரும் வைத்திருக்கும் எங்கள் ஆலைக்கு அது இன்றைய வேலை இல்லை.

மண்ணுக்கு இடும் மரக்கரியான பயோசார் பற்றிப் பேசும்போது குத்தகைக்காரர் கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளை நினைவுபடுத்தினார். மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக் கட்டையைத்தான் அங்கே கரியாக்குகிறார்கள். அந்தக் காட்டை 1900களின் தொடக்கத்திலிருந்து வனத்துறை திட்டம் போட்டு, முப்பது வருஷச் சுற்றில் வெட்டி நட்டு வருகிறது. சூளை என்னவோ செங்கல்லால் கட்டிய பழங்காலத்துச் சூளைதான். "சூளை பழசு, ஆனா கட்டை வருஷா வருஷம் வருது. நம்மகிட்ட எல்லாம் தலைகீழ்" என்றார். பயோசாரைவிட எங்களுக்கு அந்த வார்த்தைதான் பயன்பட்டது.

இதே சமயத்தில் அண்ணன் மகள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைப் பற்றிப் படித்துக் காட்டினாள். மாநிலத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் காடு. ஊருக்கு ஒரு காகித ஆலையை நம்பி வாழ்ந்தவர்கள். மில்லினாக்கெட் ஆலை 2008இல் மூடியது, 2014 முதல் 2016 வரை இன்னும் பல மூடின. அதில் மேடிசன் என்ற ஊரில் மூடிய ஆலைக் கட்டடத்திலேயே, 2023இல் மரநாரிலிருந்து குளிர் தடுக்கும் பஞ்சு செய்யத் தொடங்கினார்கள். குளிர் தடுக்கும் பஞ்சை இங்கே யாரிடம் விற்பது என்று பாக்சிக் சிரித்தார். ஆனால் எனக்கு அதில் வேறொன்று பட்டது. அவர்கள் ஊரில் என்ன மரம் இருக்கிறது, பழைய ஆலையில் எது இன்னும் வேலை செய்கிறது, பக்கத்து வீட்டுக்கு என்ன தேவை என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் நார்வே மாடியில் தொடங்கினோம்.

கடைசியில் மிஞ்சியது

இரண்டு விஷயம் தேறின. இரண்டிலும் படம் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை.

ஒன்று பிங்கர் ஜாயிண்ட். இரு கை விரல்களைக் கோத்த மாதிரி துண்டுகளின் முனையைச் செதுக்கி ஒட்டி, நீளமாக்கி, அப்புறம் பக்கவாட்டில் ஒட்டி அகலப் பலகையாக்குவது. மூவாரில் இது பழைய சங்கதி. தழும்பையும் முடிச்சையும் வெட்டித் தள்ளியபின் மிஞ்சும் ஒரு சாண் துண்டும் பலகையாகிவிடும். புதியது என்றால், பலகையின் குறையைக் கேமராவால் பார்த்து எங்கே வெட்டுவது என்று தானே முடிவு செய்யும் இயந்திரம். அது எங்களுக்கு எட்டாத விலை. தரம் பிரித்துப் பழகிய கண்கள் எங்களிடம் இருக்கின்றன, அது போதும் இப்போதைக்கு. பாய்லருக்குக் குறையுமே என்று கணக்கும் பார்த்தோம். தோல் பலகையும் தூளுமே சூளைக்குப் போதும்.

இன்னொன்று நடமாடும் வாள். லோரியில் இழுத்துப் போகும் சின்னப் பட்டை வாளை மரம் சாயும் இடத்துக்கே கொண்டு போய், அங்கேயே அறுத்து, போரான் கரைசல் தொட்டியில் பச்சைப் பலகையை முக்கி, அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது. பச்சை மரத்தில் இருக்கும் ஈரத்தின் வழியாகவே மருந்து மெல்ல உள்ளே பரவும். அழுத்தத் தொட்டி வேண்டாம். லோரி நான்கு நாள் வராவிட்டாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் கெடுவைத் துரத்தித் துரத்தி ஓடுவதற்குப் பதில், கெடு தொடங்கும் இடத்துக்கே நாம் போய்விடுகிறோம். சோதனையாக ஒரு தோட்டத்தில், கிடைத்த கைவாளை வைத்து அறுத்து இதே மாதிரி செய்து பார்த்தோம். வண்டிப் பாதை ஓரத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்த பலகை வெள்ளையாகவே வந்தது. தடித்த பலகைகளில் மட்டும் நடுவில் மருந்து போய்ச் சேரவில்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மரம் அறுக்க மாநில வனத்துறை உரிமம் வேண்டும். நடமாடும் வாளுக்கு எந்த ஊர் முகவரியைப் போடுவது என்பதில் விண்ணப்பம் கொஞ்ச காலமாக மேசை மாறிக்கொண்டிருக்கிறது.

இதில் எதிர்பாராத இலாபம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமலுக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், 2020 முடிவுக்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த மரமோ கித்தாவோ செம்பனையோ அங்கே நுழையக்கூடாது என்பது அதன் சாரம். எந்த நிலத்து மரம் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். மூவாரில் பலகை வாங்குகிறவர் எங்களிடமே அதைக் கேட்டுவிட்டார். பல சிறு தோட்டத்து மரம் ஒரே லோரியில் கலந்து வந்தால் யார் மரம் என்று யாருக்குத் தெரியும்? வாளே நிலத்துக்குப் போனால், அடுக்கின் மேலேயே அந்த நிலத்தின் எண்ணை எழுதிவிடலாம். கிராணி ஐயாவின் பேரேட்டில் அதற்கு ஒரு பத்தி சேர்ந்தது.

இவ்வளவும் சரி, மரம்? கெடாவில் பழைய மரம் இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு இருக்கிறது. பால் விலை இல்லாமல் வெட்டாமல் கிடக்கும் தோட்டங்களே நிறைய. அதற்கப்புறம் வெட்ட வேண்டிய மரத்தை இப்போதே நட்டாக வேண்டும். பால், பலகை இரண்டுக்குமாகத் தேர்ந்த மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை ரகங்கள் இருக்கின்றன. எங்கள் அப்பா அம்மா பால் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகத்தைவிட அடிமரம் பருக்கும். மறுநடவுக்கு, சிறு தோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பான ரிஸ்டாவின் உதவித் தொகையும் உண்டு. ஆனால் அந்தத் தொகையில் செம்பனையும் நடலாம். மூன்றாம் வருஷத்தில் குலை வெட்டலாம். கித்தா என்றால் ஆறு, ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும்.

பாக்சிக்கின் நிலத்தில்தான் அந்த முதல் சோதனை அறுப்பு நடந்தது. பழைய மரம் எல்லாம் இறங்கி, பலகை அடுக்கும் வெளியே போய்விட்டது. நிலம் வெட்டவெளியாகக் கிடக்கிறது. "நான் கித்தா நட்டா, அது பலகையாகிற அன்னைக்கு உங்க ஆலை இருக்குமா?" என்று மலாயில் கேட்டார். நான் தவுக்கேயைப் பார்த்தேன், தவுக்கே என் அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நடவுக்கு முன்னால் முளைக்குச்சி அடித்து வரிசை பார்ப்பார்கள். செம்பனைக்கு ஹெக்டேருக்கு 140 குச்சி, கித்தாவுக்கு 400க்கு மேல். தூரத்திலிருந்து இடைவெளியைப் பார்த்தாலே எது என்று சொல்லிவிடலாம். குச்சிகளைச் சீவிக் கட்டுக் கட்டாகக் கொட்டாயில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒன்றுகூட இன்னும் மண்ணில் அடிக்கவில்லை.